பசு அல்ல, கதவு

ருசாரா மலை
8 பிப்ரவரி 2009

பாடகி தொனாத்தில் அம்மாவுக்கு,

எதிர்வீட்டு அனத்தோல் எழுதுவது. எதிர்வீடு என்று எழுதிய பிறகுதான் உறைக்கிறது, உங்கள் வீடு இப்போது அங்கே இல்லை. சுவர் இடுப்பளவுக்கு நிற்கிறது, உள்ளே பூசணிக்கொடி படர்ந்து கிடக்கிறது. ஆனாலும் என்னை உங்களுக்கு அடையாளம் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

தொலைபேசியில் கூப்பிட்டேன். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். நியாயம்தான். கடிதமென்றால் பாதியாவது படித்துவிட்டுக் கிழிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

விஷயம் உங்கள் பாட்டு. வானொலியில் காலையிலும் போடுகிறார்கள், மாலையிலும் போடுகிறார்கள். நல்ல மெட்டு. என் மனைவி வெரேனா பீன்ஸ் உரிக்கும்போது முணுமுணுக்கிறாள், நான் உள்ளே வந்தால் நிறுத்திக்கொள்கிறாள். "எங்கள் பசுவை ஓட்டிப்போன அனத்தோலே, தேவன் நிமித்தம் உன்னை மன்னித்தேன்" என்று பாடுகிறீர்கள். அம்மா, உங்கள் பசுவை நான் எடுக்கவில்லை.

நான் எடுத்தது கதவு. உங்கள் வீட்டு முன்கதவும், கூரை ஓட்டில் ஒரு பக்கமும். கச்சாச்சா ஊர்விசாரணையில் மலையே புல்லில் உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று என் வாயாலேயே சொன்னேன். அந்த ஏப்ரலில், ஆட்களை மறித்துக் கொன்ற சாலைத் தடுப்பில் கம்போடு நின்றதையும் சொன்னேன். அதற்குச் சிறை, அப்புறம் சாலைக்குக் கல் உடைத்தது எல்லாம் ஆயிற்று. பசுவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதை ஓட்டிப்போனவர்கள் வேறு மலைக்காரர்கள் என்று ஊருக்கே தெரியும். உங்கள் அப்பா என் அப்பாவுக்குப் பசு கொடுத்தவர். பசு கொடுத்த வீட்டில் பசு எடுப்பவன் மனிதப் பிறவியே இல்லை.

இப்போது என் நிலைமை என்னவென்றால், சைக்கிள் ஓட்டும் பையன்கள் என்னைக் கண்டால் 'ம்மா' என்கிறார்கள். போதகர் யார் வந்தாலும் என்னை எழுப்பி நிறுத்தி, "பாட்டுல வர்ற அனத்தோல் இவர்தான்" என்கிறார். போன மாதம் வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். பசு எங்கே என்று கேட்டார்கள். பசு இல்லை என்றதும் பக்கத்து வீட்டுப் பசுவை அவிழ்த்து வந்து கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். அதற்கு என்னைப் பிடிக்காது, உதைத்துவிட்டது. அந்தப் படம் ஏதோ ஒரு தேசத்தில் சுவரில் தொங்குகிறதாம், மனம் வருந்திக் குனிந்து நிற்கும் மனிதர் என்று கீழே எழுதியிருக்கிறார்களாம். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன் அம்மா.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மகள் பெலாஜிக்குச் சாவே மலையிலிருந்து வரன் வந்திருக்கிறது. தங்கமான பையன். அவர்கள் சார்பாகப் பேச வந்த பெரியவர் கலிக்ஸ்த் இருக்கிறாரே, வாயில் சனி. உட்கார்ந்ததும் கேட்டார்: "பொண்ணுக்குப் பசு கொண்டாரோம், சரி. உங்க வீட்டுத் தறியில கட்டுனா ராத்திரி யாரு காவல்?" எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தேதி பிறகு சொல்கிறோம் என்று போனவர்கள் இன்னும் சொல்லவில்லை.

செய்ததற்கு மன்னிப்புக் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. செய்யாததற்கு மன்னிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். பசு வரும் இடத்தில் கதவு என்று மாற்றினால் போதும்.

அனத்தோல்


கிகாலி
21 பிப்ரவரி 2009

அனத்தோலுக்கு,

உங்கள் கடிதத்தை முழுதும் படித்தேன், கிழிக்கவில்லை. அதைப் பெரிதாக நினைக்க வேண்டாம். எங்கள் குழு போன பஸ் பஞ்சராகி ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம், படிக்க வேறு எதுவும் இல்லை.

பதினைந்து வருஷத்தில் ருசாராவிலிருந்து எனக்கு வந்த முதல் கடிதம், பாட்டில் பிழைதிருத்தம். நல்ல ஊர்.

பசு கொடுத்த வீட்டில் பசு எடுக்கக் கூடாது என்கிறீர்கள். கதவு எடுக்கலாமா? அதற்கென்று தனியாக ஏதாவது சட்டம் வைத்திருக்கிறீர்களா? தடுப்பில் கம்போடு நின்றதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டு, பசுவுக்காக ஒரு பக்கம் அழுதிருக்கிறீர்கள். அதையும் பார்த்தேன்.

பசு என்று எனக்குச் சொன்னது ஜீத்தா சித்தி. வீட்டில் எல்லோரையும் கொன்றபோது நான் பள்ளி விடுதியில் இருந்தேன், அதனால்தான் இப்போது பாடிக்கொண்டிருக்கிறேன். விசாரணைக்கும் வரவில்லை, வர முடியவில்லை. சித்தி சொன்னதை வைத்துத்தான் பாட்டுக் கட்டினேன். இந்த நாட்டில் பசுவென்றால் கல்லும் அழும். கதவுக்கு யார் அழுவார்கள்? நான் சிறைகளிலும் மைதானங்களிலும் சமாதானத்துக்காகப் பாடுகிறவள், தச்சுப்பட்டறைக்கு விளம்பரம் பாடவில்லை.

மேடையில் உங்கள் வேஷத்தை எங்கள் மத்தளக்காரன் ஃபிதேல் போடுகிறான். துணியில் செய்த பசுவை இழுத்துக்கொண்டு வந்து காலில் விழுந்து அழுவான். அவன் அழுவதைப் பார்த்தால் எனக்கே மன்னிக்கத் தோன்றுகிறது. உங்களைக் கூப்பிட்டு நிறுத்தினால் மைக்கைப் பிடுங்கி, பசு இல்லை கதவு என்று வாதாடுவீர்கள் போலிருக்கிறது.

சித்தியிடம் கேட்கிறேன். பாட்டை மாற்றுவேன் என்று நான் எங்கும் எழுதவில்லை.

தொனாத்தில்

எந்தக் கதவு? நீலப் பெயின்ட் அடித்ததா? இப்போது எங்கே இருக்கிறது?


ருசாரா மலை
3 மார்ச் 2009

தொனாத்தில் அம்மாவுக்கு,

நீலக் கதவுதான். என் வீட்டு வாசலில் இருக்கிறது. நான் சிறையில் இருந்த காலமெல்லாம் வெரேனாவும் பெலாஜியும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் தூங்கினார்கள். விசாரணையில் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். வாங்க உங்கள் வீட்டில் யாரும் இல்லை, சாத்தி வைக்கச் சுவரும் இல்லை. அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் நன்றாக வைத்திருக்கிறேன். கரையான் ஏறிய அடிப்பலகையை மாற்றினேன். முன்பெல்லாம் திறந்தால் ஒரு கத்தல், மூடினால் ஒரு கத்தல். கீலுக்கு எண்ணெய் விட்டேன். இப்போது திறப்பதே தெரியாது, அவ்வளவு அமைதி.

பசுவுக்கு ஒரு பக்கம் எழுதினேன் என்றீர்கள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பசுவைப் பற்றி எழுத வந்தது. மற்றதற்குக் கை ஓடவில்லை. அந்தத் தடுப்பு வழியாக உங்கள் வீட்டார் வரவில்லை. வந்தவர்களின் வீட்டாருக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் என்னோடு பேசுவதில்லை. நானும் வழியில் அவர்களைக் கண்டால் ஒதுங்கி நின்று போகவிடுகிறேன். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அந்த ஃபிதேலைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். என் பெயரை வைத்துக்கொண்டு அழுகிறவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அவன் நொண்டிக்கொண்டு வருவதாகச் சந்தையில் சொன்னார்கள். எனக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறது, அந்தப் பசு உதைத்த வாரம் மட்டும்தான் நொண்டினேன்.

சாவேக்காரர்கள் இன்னும் தேதி சொல்லவில்லை. பெலாஜி எதுவும் கேட்பதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அனத்தோல்


கிகாலி
15 மார்ச் 2009

அனத்தோலுக்கு,

எண்ணெய் விட்டீர்களா.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு மூன்று நாள் கடிதத்தைத் தொடவில்லை. கதவை எடுத்தீர்கள், சரி. அதன் வாயை ஏன் அடைத்தீர்கள்?

எங்கள் அம்மா செராபினா கோயிலிலிருந்து வந்து கதவைத் தள்ளுவாள். அது ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை அப்படியே பிடித்து, அதே சுருதியில் பாட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். நான் சுருதி கற்றுக்கொண்டது அந்தக் கதவிடம்தான். இன்றைக்கும் மேடையில் கீபோர்டு இல்லாமல் தொடங்கினால் சரியாக அங்கேதான் போய் நிற்பேன். எங்கிருந்து எடுக்கிறாய் என்று கீபோர்டுக்காரர் கேட்பார், சிரித்து மழுப்பிவிடுவேன்.

ஜீத்தா சித்தியைக் கேட்டேன். "பசுவோ கதவோ, என்னமோ ஒண்ணை எடுத்தான்டி. எடுத்தவன் எடுத்தவன்தானே. இப்ப எதுக்கு இதைக் கிளறுற?" என்றாள். அந்த 'என்னமோ ஒண்ணு'தான் காலையிலும் மாலையிலும் வானொலியில் ஓடுகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதை உங்களிடம் சொல்ல வேண்டியிருப்பது அதைவிட எரிச்சலாக இருக்கிறது.

பாட்டைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தச் சத்தம் எனக்கு வேண்டும். எப்படியென்று எனக்குத் தெரியாது. அடைத்தவர் நீங்கள், நீங்களே வரவழையுங்கள்.

தொனாத்தில்


ருசாரா மலை
30 மார்ச் 2009

தொனாத்தில் அம்மாவுக்கு,

வேலை நடக்கிறது.

முதலில் கீலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். ஒன்றும் இல்லை. பிறகு வெந்நீரும் சோப்பும். கதவு பளபளவென்று ஆனது, வாயைத் திறக்கவில்லை. உப்புத் தண்ணீர் விட்டேன். வெரேனா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊர்ல எல்லாரும் கதவு கத்தக் கூடாதுன்னு எண்ணெய் வைப்பாங்க. நீங்க கத்த வைக்கப் பாடுபடுறீங்க. ஜெயில்ல தலையில ஏதாவது அடிபட்டுச்சா?" என்றாள். போன செவ்வாய்க்கிழமை மழைச்சாரலில் நனைந்து மறுநாள் காய்ந்ததும் ஒரு சத்தம் வந்தது. ஓடிப்போய்ப் பெலாஜியைக் கூப்பிட்டேன், அவள் கோயில் குழுவில் பாடுகிறவள். "அப்பா, இது ஆட்டுக்குட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். என்ன செய்கிறாய் என்றார்கள். செராபினா வீட்டுக் கதவைப் பழையபடி கத்த வைக்கிறேன் என்றேன். கொல்லன் வென்சான் சொன்னான்: "அது இப்படிக் கத்தாதுய்யா. கொஞ்சம் இழுத்துக் கத்தும்." சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக் கத்திக் காட்டினான். கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்த பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "நீ கத்துறது மூடுற சத்தம், திறக்குற சத்தம் இது" என்று அவளும் கத்தினாள். சாயங்காலத்துக்குள் என் வாசலில் கூட்டம், ஆளுக்கொரு கதவு. போதகர்கூட ஒருமுறை முயன்றுவிட்டு இருமிக்கொண்டே போனார்.

அம்மா, இத்தனை வருஷமாக இந்த மலையில் உங்கள் வீட்டைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. நானும்தான். அன்றைக்கு எல்லோரும் செராபினா, செராபினா என்றார்கள். வென்சான் வீட்டுக்குப் போகும்போது அழுதான்.

நாளை மறுநாள் ஏப்ரல், உங்கள் வீட்டார் போன மாதம். அந்த மாதம் நான் எழுதமாட்டேன். கதவையும் தொடமாட்டேன்.

அனத்தோல்


கிகாலி
17 மே 2009

அனத்தோலுக்கு,

ஏப்ரலில் எழுதாமல் இருந்ததற்கு நன்றி.

உங்களுக்கு ஒரு சேதி. போன வாரம் தெற்கே ஒரு சிறையில் பாடினோம். மேடை ஏறும்வரை எனக்கே தெரியாது. பசு வரும் இடம் வந்தது, வாய் கதவு என்றது. "எங்கள் நீலக்கதவைக் கழற்றிப் போனவனே" என்று பாடிவிட்டேன். பாவம் ஃபிதேல், துணிப்பசுவோடு பாதி மேடை வந்துவிட்டான். என்னைப் பார்த்தான், பசுவைப் பார்த்தான், அப்படியே பின்னால் நடந்து உள்ளே போய்விட்டான்.

பசு என்று பாடினால் சிறையில் எல்லோரும் நிம்மதியாக அழுவார்கள். அனத்தோல் என்று யாரோ ஒருவன், அவன் ஓட்டிப்போன பசு, நமக்கென்ன. கதவு என்றதும் யாரும் அழவில்லை. பாட்டு கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "நான் ஜன்னல் எடுத்தேன்" என்றார். காவலர் உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. "கண்ணாடி போட்ட ஜன்னல். என் வீட்லதான் இருக்கு. தினம் அது வழியாத்தான் என் பொண்டாட்டி வெளிய பாக்குறா."

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒருவர் தையல் மெஷின் என்றார். ஒருவர் சைக்கிள் என்றார், அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து, "அவன் முன்சக்கரம் மட்டும்தான், பின்சக்கரம் நான்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்தது. சிரித்து ஓய்ந்ததும், ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்த ஒரு வயசாளி, பொருளைப் பற்றிப் பேசாமல் வேறொன்றைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அதை நான் எழுதப் போவதில்லை. அதைக் கேட்க வேண்டிய குடும்பத்தைத் தேடிப் போதகர்கள் போயிருக்கிறார்கள். நிகழ்ச்சி நடத்தியவர் மட்டும், மதியச் சாப்பாடு ஆறிப்போனது என்று என்மேல் கோபமாக இருக்கிறார்.

பசுவை எடுத்துவிட்டேன். வானொலிக்குப் புதிதாகப் பதிவு செய்து கொடுத்தாயிற்று. ஃபிதேல் இப்போது நொண்டாமல் கதவைச் சுமந்து வருகிறான். அட்டைக் கதவுதான்.

தொனாத்தில்


ருசாரா மலை
7 ஜூன் 2009

தொனாத்தில் அம்மாவுக்கு,

கேட்டேன். சந்தையில் நின்றுகொண்டு கேட்டேன். காய்கறிக்காரி என்னைப் பார்த்து, "இப்பக் கதவா?" என்றாள். ஆமாம், இப்போது கதவு என்றேன். தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன். கதவுத் திருடன் என்று சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை என்று வெரேனா திட்டினாள். பெருமை இல்லை, அது நான்.

சைக்கிள் பையன்கள் 'ம்மா' என்பதை விட்டுவிட்டார்கள். இப்போது என்னைக் கண்டால் காற்றில் தட்டிக் காட்டுகிறார்கள்.

சாவேக்காரர்கள் ஜூலை இருபத்தைந்து என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் கலிக்ஸ்த் பெரியவருக்குப் பழைய பாட்டுதான் பிடித்திருக்கிறதாம், சபையில் பசுவை இழுக்காமல் விடமாட்டேன் என்று சொல்லித் திரிகிறாராம். பெண் கேட்கிற சபையில் கிண்டல் நம் வழக்கம், யாரும் கோபிக்கக் கூடாது. ஆனால் பெலாஜி உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளையின் அம்மாவும் இருப்பார்.

சத்தம் வந்துவிட்டது. மேல் கீலில் ஒரு தகட்டை வளைத்துப் போட்டான் வென்சான். மலை முழுக்க ஒத்துக்கொண்டது, இதுதான் என்று. நீங்கள் வந்து கேட்டால்தான் சரியா என்று தெரியும். சபையில் பெண் வீட்டார் நாற்காலிகளில் ஒன்று காலியாக இருக்கும். யார் உட்காருவார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை.

அனத்தோல்


கிகாலி
20 ஜூன் 2009

அனத்தோலுக்கு,

வரமாட்டேன்.

பெலாஜி நன்றாக இருக்கட்டும், அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நான் வந்து, எங்கள் அம்மாவின் கதவைத் தட்டி, நீங்கள் திறந்து, உள்ளே வா என்று எனக்குச் சொல்ல வேண்டுமா? மைதானத்தில் ஆயிரம் பேருக்கு முன்னால் மன்னித்தேன் என்று பாடுவேன், அது என் தொழில், என் விசுவாசமும்கூட. அந்தக் கதவைத் தட்டமாட்டேன்.

தொனாத்தில்


ருசாரா மலை
12 ஜூலை 2009

தொனாத்தில் அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னது சரி. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

கதவைக் கழற்றிவிட்டேன். பாயில் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன். கிகாலிக்கு வண்டி கிடைத்தால் அனுப்புகிறேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அது உங்களுடையது. வாசலில் இப்போது ஒரு பாய் தொங்குகிறது.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வாசல் கதவைக் கழற்றிய ஆள் இந்த நாட்டில் நான் ஒருவன்தான் இருப்பேன். முதல் நாளே பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்து, சபையில் போர்த்திக்கொள்ள வெரேனா புதிதாக வாங்கிய துணியின் ஓரத்தைத் தின்றுவிட்டது. இரண்டாம் நாள் கோழி வந்து என் தொப்பியில் முட்டை போட்டது. வெரேனா என்னோடு பேசவில்லை, முட்டையை மட்டும் வேகவைத்துப் பெலாஜிக்குக் கொடுத்தாள். மூன்றாம் நாள் கலிக்ஸ்த் பெரியவர் ஏதோ பேச வந்தவர் பாயைத் தூக்கிப் பார்த்தார். "என்னய்யா, உன் கதவையும் எவனாவது கொண்டுபோயிட்டானா?" என்றார். நல்ல கிண்டல், நானே சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வெரேனா பேசினாள். "பதினஞ்சு வருஷமா அதைத் திறக்கும்போதெல்லாம் செராபினா அக்கா அடுப்படியில இருக்காங்களான்னு ஒரு நிமிஷம் நின்னு பாப்பேன். உங்ககிட்டச் சொன்னதில்ல. இப்பப் பாய் பரவால்ல" என்றாள்.

நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அனத்தோல்


கிகாலி
9 ஆகஸ்ட் 2009

பெலாஜி அப்பாவுக்கு,

சொல்லாமல் வந்தேன், சொல்லாமல் போய்விட்டேன். அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று வெரேனா அம்மா தொலைபேசியில் சொன்னார். ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். இன்னொரு பசுக்கதை ஆகிவிடாமல் நானே எழுதுகிறேன்.

பசுவின் பெருமை பாட வந்தவர் "அரசன் மகளே, நிலாக்கொம்பே" என்று குரலெடுத்தாரே, அதுவரை உங்களுக்குத் தெரியும். அது மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது, பின்னாலேயே நீங்களும் இறங்கினீர்கள். சம்பந்தி வீட்டுப் பசு உங்கள் வீட்டு எல்லையில் காணாமல் போனால் உங்கள் கதி என்ன என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் உதவிக்குக்கூட வரவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான்.

கலிக்ஸ்த் விடுவாரா? ஃபாண்டா பாட்டிலை மேசையில் வைத்தார். "நாங்க ஒரு பசுவைக் கொண்டாந்தோம். சபை முடியறதுக்குள்ள அனத்தோலையும் காணோம், பசுவையும் காணோம். பாட்டு சரியாத்தான் இருக்கு" என்றார். சபையே அதிர்ந்தது. நான் உள்வாசல் பக்கம் பார்த்தேன். பெலாஜி திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார், கிளம்புகிறவர்கள் வைப்பதுபோல.

அப்போதுதான் எழுந்தேன். "பெரியவரே, பெண் வீட்டுப் பக்கம் ஒரு பேச்சு இருக்கு" என்றேன். நான் யாரென்று தெரிந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. "அந்தப் பாட்டு என்னோடது. அது தப்பு. இவர் பசு எடுக்கல. எங்க அம்மாவோட கதவை எடுத்தார். அதை என்கிட்டச் சொன்னது ஊர் இல்ல, இவர்தான். தன்னைப் பத்தி ஒரு பொய் ஊரெல்லாம் ஓடிக்கிட்டிருக்கு, மன்னிச்சாச்சுன்னு கைதட்டுறாங்க, பேசாம இருந்திருக்கலாம். இல்லை, நான் செஞ்சது வேறன்னு எழுதினார். உங்க பசுவை இந்த வீட்ல கட்டலாம். நான் பொறுப்பு."

கலிக்ஸ்த் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைக் கீழே வைத்தார். அப்புறம் பெரியவர் மெதுவாக, "சரி, பசுவை உள்ள கொண்டாங்க" என்றார். பசு எங்கே இருக்கிறது? அந்த நேரம் பார்த்து, தலை முதல் கால்வரை சேற்றோடு, ஒரு செருப்போடு, பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நீங்கள் மேலே ஏறி வந்தீர்கள். எல்லோரும் ஏன் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று உங்களுக்குப் புரியாமல் முழித்தீர்களே, அதற்கு இதுதான் காரணம். பசுவைப் பிடித்ததற்கு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களாம். கொஞ்சம் அதற்கும்தான்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மன்னித்துவிட்டாயா என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நீங்கள் கேட்காமலேயே சொல்கிறேன். பாட்டில் மன்னித்துவிட்டேன். பாட்டுக்கு வெளியே இன்னும் முடியவில்லை. சில நாள் முடிகிறது, மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது. உங்கள் ஆட்டுக்குட்டிச் சத்தம் மாதிரி, வேலை நடக்கிறது.

எங்கள் வண்டியின் பின்னால் யாருக்கும் தெரியாமல் கதவை ஏற்றிவிட்டீர்கள். கிகாலி வந்து ஃபிதேல் மத்தளத்தை இறக்கும்போதுதான் பார்த்தேன். என் வாடகை வீட்டுக்கு இரும்புக் கதவு இருக்கிறது. நடையில் சாத்தி வைத்தேன். எங்கும் மாட்டாத கதவு, திறக்கவும் இல்லை மூடவும் இல்லை, சத்தமும் இல்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ராத்திரி முழுக்க அழுதேன். அழுது முடித்த பிறகு எனக்குத் தெளிவாகப் புரிந்தது, இதற்கு ஒரு வீடு வேண்டும், உள்ளே ஆள் வேண்டும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற லாரியிலேயே கதவும் வருகிறது. மாட்டுங்கள். மழை தொடங்கப் போகிறது, வெரேனா அம்மா பாய்க்குப் பின்னால் படுக்க வேண்டாம். வென்சான் வளைத்த தகட்டைப் பத்திரமாக அதே இடத்தில் போடச் சொல்லுங்கள். எண்ணெய் பாட்டில் அந்தப் பக்கமே வரக் கூடாது.

டிசம்பரில் வருவேன். தட்டமாட்டேன் என்று ஜூனில் எழுதினேன், இப்போதும் அதேதான். எங்கள் வீட்டுக் கதவை நான் எதற்குத் தட்ட வேண்டும்? தள்ளிக்கொண்டு உள்ளே வருவேன். அது கத்தும். கேட்டதும் வெரேனா அம்மாவை அடுப்பில் இன்னொரு ஆளுக்குச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

செராபினாவின் மகள்
தொனாத்தில்